ஆச்சியின் வேலையை நிறுத்தாதீர்கள்... வேளையை மாற்றுங்கள்!

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தொட்ட பாட்டி இருக்கிறாரா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை மருமகள் மட்டும் படித்தால் போதாது, மகனும் படிக்கவேண்டும். முடிந்தால் பாட்டிக்கும் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இதில் பாதி அவருக்குத் தெரிந்த விஷயம்தான். மீதிப் பாதியை அவர் லேசில் ஒத்துக்கொள்ளமாட்டார்!

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம். ஆச்சி இருக்கிற வீட்டை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். சித்திரை, வைகாசி என்றால் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் காயும். பக்கத்திலேயே முறத்தில் சீயக்காயும் வெந்தயமும் கிடக்கும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்று கேள்விப்பட்டால், வேன் பேசுவதற்கு முன்பே ஆச்சி புளியை ஊறப்போட்டுவிடுவார். ஐப்பசி பிறந்தால் தீபாவளி லேகியத்துக்குச் சுக்கு இடிக்கிற சத்தம். இத்தனைக்கும் நடுவில் மூன்று வேளைச் சமையல், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட டிபன், வருகிறவர் போகிறவருக்குக் காபி.

இப்படிப்பட்ட ஆச்சிகளைப் பற்றி என்னிடம் இரண்டு விதமான புகார்கள் வரும். "சொன்னா கேக்க மாட்டேங்காங்க டாக்டர், ஒரு இடத்துல உக்கார மாட்டேங்காங்க" என்பது ஒன்று. "எல்லா வேலையையும் நிறுத்திட்டோம் டாக்டர், ஒரு தும்பைக்கூட எடுக்க விடறதில்ல, ஆனாலும் உடம்பு தேறல" என்பது இன்னொன்று. முதல் புகாரோடு வருகிற ஆச்சி பெரும்பாலும் தானே நடந்து வந்து நாற்காலியில் உட்காருவார். இரண்டாவது புகாரோடு வருகிறவரைத்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவருவார்கள்.

இது ஏன் என்று பார்ப்போம். அதற்கு முன்னால் சித்த மருத்துவத்தின் முதல் பாடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அதென்ன பதினான்கு வேகங்கள்?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் ஆசிரியர் ஒருவர் இருந்தார். வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவனை எழுப்பி, "பதினாலு வேகத்தையும் சொல்லு பார்ப்போம்" என்பார். பத்தோடு நிறுத்துகிறவன் அன்று முழுக்க நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

உடம்பு தனக்குத் தேவையானதைத் தானே கேட்கிறது. அப்படி எழும் உந்துதலுக்குச் சித்த மருத்துவத்தில் 'வேகம்' என்று பெயர். கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு... இவையே அந்தப் பதினான்கு. இவற்றை அடக்கக்கூடாது. அடக்கினால் இன்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கிறது. தேரையர் நோயணுகா விதியிலும் மலம், சிறுநீர் இரண்டையும் அடக்கக்கூடாது என்ற விதி உண்டு.

பசியை அடக்கினால் என்ன வரும்? உடல் மெலிவு, சோர்வு, முகவாட்டம், பிரமை. சிறுநீரை அடக்கினால்? நீரடைப்பு, நீர்ப்பாதையில் புண், மூட்டுகளில் நோவு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் வெறும் பட்டியலாகத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் ஆச்சிகளைப் பார்த்த பிறகு, அந்தப் பட்டியல் நம் வீட்டுச் சமையலறையைப் பார்த்தே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் நம் பாட்டிமார்கள் தினமும் அடக்குவது மூன்று. பசி, தாகம், சிறுநீர். விசேஷ நாள் என்றால் தூக்கமும் சேர்ந்து நான்கு!

திருச்செந்தூர் போன வேன்

ஒரு ஆச்சியின் கதையைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். வயது எழுபத்திரண்டு. பத்து வருஷமாகச் சர்க்கரை, ஐந்து வருஷமாக ரத்தக் கொதிப்பு. இரண்டுக்கும் ஆங்கில மருந்து சாப்பிடுகிறார். என்னிடம் வந்தபோது கால்கள் இரண்டும் குச்சியாக இருந்தன. நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. பசி இல்லை. ராத்திரி தூக்கம் இல்லை.

"எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டேன். மகன்தான் பதில் சொன்னார். ஆறு மாசத்துக்கு முன்னால் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருக்கிறார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். வேனில் ஆச்சிக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, ஆளையே அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசியிருக்கிறார். வழியில் ஒரு மருத்துவரிடம் காட்டி, குளுக்கோஸ் ஏற்றிச் சரியாகிவிட்டது. "இனிமே அம்மா அடுப்படிப் பக்கமே போகக்கூடாது" என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். பாசத்தில் எடுத்த முடிவுதான், குறை சொல்லமுடியாது.

அன்றைய சீட்டு அவர்கள் கையில் இருந்தது. சர்க்கரை அளவு 54 என்று எழுதியிருந்தது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நான் ஆச்சியிடம் அந்த நாளை மணி மணியாகக் கேட்டேன்.

"எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க ஆச்சி?"

"மூணரைக்கு. பதினெட்டுப் பேருக்குப் புளியோதரை கிளறணும்லா."

"மாத்திரை எப்ப போட்டீங்க?"

"ஆறு மணிக்கு. வேன்ல ஏறதுக்கு முன்னால."

"என்ன சாப்பிட்டீங்க?"

"காப்பி குடிச்சேன். எல்லாரும் சாப்பிடாம நான் மட்டும் எப்படி தம்பி சாப்பிட?"

"தண்ணி?"

ஆச்சி மருமகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தண்ணி குடிச்சா ஒதுங்கணும். வண்டி எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஆம்பளப் பிள்ளைகள்ட்ட போய் நிறுத்துப்பான்னு சொல்ல முடியுமா?"

இவ்வளவுதான் விஷயம். சர்க்கரைக்கான மாத்திரையை ஆறு மணிக்கு விழுங்கிவிட்டு, மூன்றரை மணியிலிருந்து உடம்பை ஓட்டிவிட்டு, பத்தரை மணி வரை வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. ஆச்சியை விழவைத்தது புளியோதரை கிளறிய வேலையா? இல்லை. கிளறிய புளியோதரையில் ஒரு கைப்பிடியை ஏழு மணிக்குச் சாப்பிடாததுதான்!

நான் அவருடைய மாத்திரையில் கை வைக்கவில்லை. நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடமே அனுப்பினேன். அவர் மருந்தின் அளவைக் குறைத்தார். என் பங்குக்கு நான் எழுதிக்கொடுத்தது வேறு. காலை ஏழரை மணிக்குச் சாப்பாடு, அதைத் தொடர்ந்து அடுப்படி. ஆமாம், அடுப்படிக்குத் திரும்பப் போகச் சொன்னேன்.

கட்டிலும் ஒரு நோய்தான்

வயதானவர்களின் தசை, உபயோகிக்காவிட்டால் வேகமாகக் கரையும். இளம் வயதில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தாலும் எழுந்து நடந்தால் சரியாகிவிடும். எழுபதில் அப்படி இல்லை. தொடைத் தசை கரைந்தால் எழுந்திருப்பது கஷ்டம், நடை தடுமாறும், பாத்ரூமில் ஒருநாள் விழுவார். இடுப்பெலும்பு முறியும். அதற்குப் பிறகு கட்டிலே கதி. இந்தச் சங்கிலி எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால், "நீங்க சும்மா இருங்கம்மா" என்ற அன்பான வார்த்தையில் ஆரம்பிக்கும்.

ஆச்சியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பரண் டப்பாவை எட்டி எடுக்கிறார், மாடிக்கு நாலு தரம் ஏறி வத்தலைத் திருப்பிப் போடுகிறார், கீரையை ஆய்கிறார், தோசைக்கல் முன்னால் நிற்கிறார். இது தோள், தொடை, விரல், இடுப்பு எல்லாவற்றுக்குமான பயிற்சி. போதாததற்கு, "ஆச்சி, இன்னொரு தோசை" என்று பேரன் கேட்கிறான் பாருங்கள், அதற்கு ஈடான பசி மருந்து எந்தச் சித்தரும் எழுதி வைக்கவில்லை.

அதற்காக எல்லாச் சுமையையும் அவர் தலையில் கட்டச் சொல்லவில்லை. பதினைந்து லிட்டர் குக்கரைத் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது, ஈர மாடியில் ஏறுவது, ஸ்டூலின் மேல் நின்று பரணைத் துழாவுவது... இவையெல்லாம் வேண்டாம். முட்டி தேய்ந்தவர் தரையில் குந்தி அரிவாள்மனையில் நறுக்கவேண்டாம், மேசையில் கத்தியால் நறுக்கட்டும். முட்டி நன்றாக இருக்கிறவர் தரையில் உட்கார்ந்து எழுவதை ஏன் நிறுத்தவேண்டும்? தாராளமாகச் செய்யட்டும்.

படுத்தே இருந்து மெலிந்துபோனவரை ஒரேநாளில் அடுப்பு முன் நிறுத்தக்கூடாது. அந்த ஆச்சிக்கு முதல் வாரம் வெந்தயத்தில் கல் பொறுக்குவது, பூண்டு உரிப்பது மட்டும்தான். கூடவே ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, காலை மாலை ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். முதலில் கை ஊன்றி, பிறகு ஊன்றாமல். சாப்பாட்டில் பருப்பு, முட்டை, மோர், வாரம் மூன்று நாள் உளுந்து. கருப்பு உளுந்தில் 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. வயசுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இடுப்பு பலப்பட உளுந்தங்களி கிண்டிக்கொடுக்கிற ஆச்சி, தன் இடுப்புக்கும் அது தேவை என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை!

ஆனால் ஒன்று. களிக்குப் போடுகிற கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியாகவே இருந்தாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். வெள்ளைச் சீனியைவிட மணமும் தாதுச் சத்தும் அதிகம் என்பது சரி, சர்க்கரை நோயாளிக்கு இரண்டும் கணக்கில் ஒன்றே. அந்த ஆச்சிக்கு உளுந்தங்கஞ்சியாகக் காய்ச்சி, உப்பும் பூண்டும் சீரகமும் போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

ஆச்சியின் கடிகாரம்

ஆச்சியின் நாளில் மாற்றவேண்டியது மூன்றே மூன்று நேரங்களைத்தான்.

முதலில் சாப்பாடு. 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு நான்' என்பது நம் வீட்டுப் பெண்களின் ரத்தத்தில் ஊறிப்போனது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் இதை விட்டே ஆகவேண்டும். மாத்திரைக்கும் உணவுக்கும் டாக்டர் சொன்ன இடைவெளியைத் தாண்டக்கூடாது. "நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்று சொன்னால் கேட்கமாட்டார். என் அனுபவத்தில் பலிக்கிற வழி, பேரனையோ பேத்தியையோ தட்டோடு பக்கத்தில் உட்காரவைத்து, "ஆச்சி சாப்பிட்டால்தான் நானும்" என்று சொல்லவைப்பதுதான். மூன்று நாளில் வழிக்கு வந்துவிடுவார்.

அடுத்தது தண்ணீர். வயதாக ஆக, தாகம் எடுக்கிற உணர்வே மங்கிவிடுகிறது. ஆகவே தாகம் எடுக்கும்போது குடிக்கலாம் என்று இருந்தால் நடக்காது. காலையிலிருந்து மாலைக்குள் சிறுகச்சிறுகக் குடிக்கவேண்டும். ஒரு செம்பை அவருக்கென்று வைத்து, எத்தனை செம்பு காலியானது என்று பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். மோர், ரசத் தெளிவு, சீரகத் தண்ணீர் எல்லாம் இதில் சேர்த்தி. (இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.)

மூன்றாவது, மதியம் ஒரு அரைமணி நேரம் முதுகைச் சாய்ப்பது. விசேஷத்துக்கு முந்தின நாள் ராத்திரி பத்துமணிக்குமேல் ஆச்சி அடுப்படியில் நிற்கக்கூடாது. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்னதாகவே காய்ச்சி வைத்துக்கொள்ளலாமே! நல்லெண்ணெய் மேலே மிதக்கிற புளிக்காய்ச்சல் ஒருவாரம்கூடத் தாங்கும். அதிகாலையில் சோறு வடிக்கிற வேலை மட்டும்தான். அதை மகன் செய்யட்டும்.

இவ்வளவு செய்தும் ஆச்சிக்குப் படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கருப்பட்டித் துண்டைச் சப்பக் கொடுத்தால் கரைய நேரமாகும். பதினைந்து நிமிஷத்தில் மீண்டும் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுத்து, தேறியதும் சாப்பாடு. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளால் தேறிய பிறகும் சிலமணி நேரம் கழித்து மறுபடி தாழும். ஆகவே, "சரியாப் போச்சு" என்று பயணத்தைத் தொடராமல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

டப்பாக்களுக்குள் என்ன இருக்கிறது?

ஆச்சியின் அலமாரியைத் திறந்தால் ஒரு சின்ன மருந்துக்கடையே இருக்கும். சீயக்காய்த் தூள், நலங்கு மாவு, கஷாயப் பொடி, பிள்ளைக்கு உரைப்பு மருந்து, வத்தல், ஊறுகாய். பெரும்பாலானவை அருமையானவை. ஆனால் வைத்தியன் என்ற முறையில் சிலவற்றில் கை வைத்தே ஆகவேண்டும்.

சீயக்காயைப் பற்றிப் பேச்சே இல்லை. சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்தி. எல்லாம் சரசரவென்று சத்தம் கேட்கிற அளவுக்குக் காயவேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மாவு மில்லில் மிளகாய் அரைத்த மறுநிமிஷம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் அப்புறம் தெரியும்!

நலங்கு மாவில் சிலர் கார்போக அரிசி சேர்ப்பார்கள். தேமல், வெண்புள்ளிக்கு நாங்கள் கொடுக்கிற நல்ல மருந்து அது. ஆனால் அது தோலை வெயிலுக்குக் கூச்சப்படவைக்கும். அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் அலைந்தால் தோல் சிவந்து, சிலருக்குக் கொப்பளித்து, கறுத்தும்போகும். வீட்டில் எல்லோரும் உபயோகிக்கிற மாவில் அது வேண்டாம். பயறு, கஸ்தூரி மஞ்சள், கிச்சிலிக்கிழங்கு, ரோஜா இதழ், வெட்டிவேர் போதும்.

இருமல் கஷாயப் பொடியில் அதிமதுரம் இருக்கும். இருமலுக்கு நாலுநாள் குடித்தால் தொந்தரவில்லை. "உடம்புக்கு நல்லது" என்று மாதக்கணக்கில் தினமும் குடித்தால் அதிமதுரம் ரத்தக் கொதிப்பை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு. ஒன்றும் செய்யாது என்றால் அப்புறம் எப்படி நோயை மட்டும் தீர்க்கும்?

பிறந்த குழந்தை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஆறுமாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. வசம்பு உரைத்து ஊற்றுவது, சேனை தொட்டு வைப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் குழந்தைக்கு உயிராபத்தாக முடியலாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து, கைகால்களைத் துவளச்செய்யும். கண்மை வேண்டுமென்றால் கன்னத்தில் பொட்டு வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம். ஆச்சிக்குக் கோபம் வரும். பரவாயில்லை, என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வத்தல், அப்பளம், ஊறுகாய்க்கு வருவோம். ஒருநாளைக்கு ஒருவருக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சோறு, குழம்பு, இட்லி என்று அதிலேயே அந்த டீஸ்பூன் தீர்ந்துவிடும். வத்தல் காய்ந்து சுண்டும்போது உப்பு மட்டும் அப்படியே நிற்கும் என்பதால் கூழில் பாதி உப்புப் போட்டாலே போதும். ஊறுகாயில் குறைத்தால் கெட்டுவிடும். ஆகவே போடுவது போடட்டும், தட்டில் வைப்பதைக் குறைப்போம். இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஊறுகாய் போடுகிற வாரம் முழுக்க, உப்பு சரியா, காரம் சரியா என்று ருசி பார்க்கிறவர் ஆச்சிதான். அந்த வாரத்தில் கொதிப்பு ஏறிவருகிற பாட்டிகளை நான் வைகாசிதோறும் பார்க்கிறேன்! ருசி பார்க்கிற உத்தியோகத்தைக் கொதிப்பு இல்லாத ஒருவருக்கு மாற்றிவிடுங்கள். பேத்தியாக இருந்தால் கைப்பக்குவமும் அவளுக்கு வந்துவிடும்.

குற்றாலம் கிளம்பலாமா?

வெளியே கூட்டிப்போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நான்கு சுவருக்குள் கிடக்கிற மனசுக்கு அந்தச் சாரல் பட்டாலே போதும்.

கட்டுச்சோறு விஷயத்தில் ஆச்சியின் முறையை அப்படியே பின்பற்றுங்கள். சோறு வெந்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆவி அடங்கிய பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலப்பார். இலையைத் தணலில் வாட்டித்தான் பொட்டலம் கட்டுவார். இதற்கெல்லாம் காரணம் உண்டு. சோற்றில் இருக்கிற சில கிருமிகளின் வித்து, வேகவைத்தாலும் சாவதில்லை. சூடாகப் பாத்திரத்தில் போட்டு மூடி, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்திருந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. பரப்பிவைத்தால் சோறு சீக்கிரம் ஆறிவிடும், புளியின் புளிப்பு கிருமியைத் தலையெடுக்க விடாது. வாட்டிய இலை கிழியாது, மேலிருக்கும் அழுக்குக் கிருமியும் குறையும். தயிர்சாதத்துக்குப் பால் கூடுதலாகவும் தயிர் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைவதும் இப்படித்தான், மதியத்துக்குள் பதமாகப் புளிக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் பயணத்துக்கு ஆகாது. வறுத்து அரைத்த துவையலோ, மிளகாய்ப்பொடியோ எடுத்துப்போங்கள். எதுவானாலும் காலையில் கட்டியதை மதியத்தோடு முடித்துவிடவேண்டும்.

கிளம்பும்போது ஆச்சியின் கைப்பையில் அன்றைய மாத்திரைகள், ஒரு பாட்டில் தண்ணீர், சீனிப் பொட்டலம், நாலு பிஸ்கட் இருக்கட்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வழியில் அவதிப்படவேண்டுமே என்று அன்றைக்கு மட்டும் விழுங்காமல் விட்டுவிடுவார்கள். இது பலருக்கும் வழக்கமாகவே இருக்கிறது. விடவும் கூடாது, தானாக நேரத்தை மாற்றவும் கூடாது. பயண நாளில் எப்போது போடலாம் என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ஆச்சி கேட்கும்வரை காத்திருக்காமல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வேனை நிறுத்தச் சொல்லுங்கள். கழிவறை சுத்தமாக உள்ள பெட்ரோல் பங்க் அல்லது ஹோட்டல் வழியில் எங்கே இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியும். மகனே இறங்கி, "எல்லாரும் போயிட்டு வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஆச்சிக்குக் கூச்சமில்லை. பயணம் போய்வந்த இரண்டாம் நாள் குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருகிற பாட்டிகளில் பெரும்பாலோர் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தவர்கள்தான்.

அருவியில் குளிக்கலாமா? கழுத்தெலும்புத் தேய்மானம், இதயக் கோளாறு, தலைசுற்றல் உள்ளவர்கள் விழுகிற தண்ணீருக்கு நேராகத் தலையைக் கொடுக்கக்கூடாது. ஓரமாக நின்று செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்தவர்கள் நடந்த பாறை எப்போதும் வழுக்கும், இருபக்கமும் ஆள் வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்ததை மறக்கவேண்டாம். தண்ணீரின் நிறம் கலங்கினாலோ, சத்தம் கூடினாலோ, காவலர் விசில் அடிக்கும்வரை காத்திராமல் வெளியே வந்துவிடுங்கள். வயதானவர்களுக்கு நகர நேரம் கூடுதலாகத் தேவை.

குளித்துத் துவட்டியதும் குடிக்க ஒரு பிளாஸ்க் சுக்குமல்லிக் காபி இருந்தால் சுகம். பொடியை ஆச்சியே தயார் செய்யட்டும். சுக்கு 50 கிராம், மல்லிவிதை 100 கிராம், மிளகு 10 கிராம், சீரகம் 10 கிராம், ஏலக்காய் 5 கிராம். சுக்கின் மேல்தோலைச் சீவி எடுத்துவிட வேண்டும். எங்கள் மருத்துவத்தில் சுக்குச் சுத்தி என்பது அதுதான். மற்றதையெல்லாம் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை லேசாக வறுத்து, ஆறியதும் சேர்த்து அரைத்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைக்கலாம். ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவு அரைத்தால் போதும், மணம் போகாது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போட்டு, முக்கால் டம்ளராகச் சுண்டவிட்டு வடிகட்டுங்கள். மற்றவர்களுக்குக் கருப்பட்டி. ஆச்சிக்குச் சர்க்கரை இருந்தால் கருப்பட்டி இல்லாமல், கொஞ்சம் பால் சேர்த்துக் கொடுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு மிளகைப் பாதியாகக் குறைக்கவும். மாலை ஆறு மணிக்குமேல் வேண்டாம், ராத்திரி இருட்டில் எழுந்து பாத்ரூம் போகவேண்டிவரும்.